எம்ஐடி, பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு: என் மகளுக்கு இடம் கிடைக்க எத்தனை சதவீத வாய்ப்பு?

உங்கள் கேள்வியைப் படிக்காதவர்களுக்காக அதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மகள் நியூ ஜெர்சியில் ஒரு பொதுப்பள்ளியில் பதினோராம் வகுப்பை முடிக்கப்போகிறாள். ஜிபிஏ, அதாவது பள்ளி மதிப்பெண் சராசரி, 3.96. கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்ஏடியில் 1600க்கு 1540, அதில் கணிதம் 790. பள்ளி முடிவதற்குள் ஏபி எனப்படும் கல்லூரி நிலைப் பாடங்கள் 10 ஆகிவிடும். மூன்று ஆண்டாக ரோபாட்டிக்ஸ் குழுவில் இருக்கிறாள், பரதநாட்டிய அரங்கேற்றம் முடித்திருக்கிறாள், நூலகத்தில் தன்னார்வப் பணி செய்கிறாள். போன கோடையில் பணம் கட்டி மூன்று வாரப் பல்கலைக்கழக வகுப்பு ஒன்றுக்குப் போனாள். படிக்க ஆசைப்படுவது கணினி அறிவியல். எம்ஐடி, பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு, ஹார்வர்டு, கார்னகி மெலன் ஆகிய ஐந்திலும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று கேட்டிருக்கிறீர்கள். எம்ஐடிக்கு 18 சதவீதம் என்று ஓர் இணையதளம் காட்டியது, நம்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நம்ப வேண்டாம். அந்தத் தளத்துக்கு நீங்கள் கொடுத்ததெல்லாம் ஜிபிஏ, எஸ்ஏடி, ஏபி எண்ணிக்கை, இன்னும் சில கட்டங்களில் ஒரு டிக். ஆசிரியர் எழுதப்போகும் பரிந்துரைக் கடிதம் அதற்குத் தெரியாது. மகளின் கட்டுரை தெரியாது. உங்கள் பள்ளியிலிருந்தே அதே ஆண்டில் எம்ஐடிக்கு விண்ணப்பிக்கும் மற்ற பிள்ளைகள் யார் என்பதும் தெரியாது. 2024இல் சேர்ந்த வகுப்புக்கு எம்ஐடிக்கு வந்த விண்ணப்பங்கள் 28,232. இடம் பெற்றவர்கள் 1,275 பேர். அதாவது 4.5 சதவீதம். உங்கள் மகளுக்கு மட்டும் அது நான்கு மடங்காக வேண்டுமானால், 3.96ம் 1540ம் அந்தக் கூட்டத்தில் அபூர்வமாக இருக்க வேண்டும். அங்கே அவை சாதாரணம்.

எவ்வளவு சாதாரணம் என்று காட்ட நீதிமன்றத்தில் பதிவான கணக்கு ஒன்று இருக்கிறது. சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை எதிர்த்து ஹார்வர்டு மேல் தொடுத்த வழக்கில் 2015இல் சேர்ந்த வகுப்பின் விவரங்கள் வெளியே வந்தன. உள்நாட்டிலிருந்து ஏறத்தாழ 26,000 விண்ணப்பங்கள். அவர்களில் 8,000 பேருக்கு மேல் முழு ஜிபிஏ வைத்திருந்தார்கள். 3,400 பேருக்கு மேல் எஸ்ஏடி கணிதத்தில் 800க்கு 800 எடுத்திருந்தார்கள். இருந்த இடங்களோ 1,600ஐ ஒட்டி. முழு மதிப்பெண் வாங்கியவர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டாலும் பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும்.

அதனால் உங்கள் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்தப் பெண் இங்கே வந்தால் தாக்குப்பிடித்துப் படிப்பாளா என்பது ஒன்று. தாக்குப்பிடிக்கக்கூடிய இத்தனை பேரில் இவளை ஏன் எடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு வெளியிலிருந்தே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு அந்த ஆண்டின் விண்ணப்பக் குவியலைப் பார்த்தவர்களைத் தவிர யாராலும் சொல்ல முடியாது. சதவீதம் சொல்லும் தளங்களும், பணம் வாங்கிக்கொண்டு உறுதி தரும் ஆலோசகர்களும் முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதற்கான பதிலாகக் காட்டிவிடுகிறார்கள்.

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம்: ஆம், படிப்பாள். இந்த எண்களை வைத்து அவளை யாரும் ஒதுக்கமாட்டார்கள். எம்ஐடி 2022 மார்ச்சில் எஸ்ஏடியை மறுபடி கட்டாயமாக்கியது. ஹார்வர்டு 2024 ஏப்ரலில் அதையே செய்தது. எனவே அங்கே மதிப்பெண்ணைக் கட்டாயம் காட்டத்தான் வேண்டும். கணிதத்தில் 790 இருக்கும்போது அதைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. 1540ஐ 1570 ஆக்குவதற்காக இந்தக் கோடையைச் செலவழிக்காதீர்கள். அந்த முப்பது மதிப்பெண்ணால் மாறக்கூடிய முடிவு ஏதும் இந்தப் பட்டியலில் இல்லை.

ஏபி எண்ணிக்கையைத் தனியாகப் பார்ப்பதிலும் பொருளில்லை. விண்ணப்பத்தோடு பள்ளிக் கவுன்சிலர் அனுப்பும் 'ஸ்கூல் புரொஃபைல்' என்ற ஆவணத்தில் உங்கள் பள்ளியில் எத்தனை ஏபி உண்டு, மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதெல்லாம் இருக்கும். பல கல்லூரிகளில் விண்ணப்பத்தைப் படிப்பவர் அந்தப் பகுதிக்கென்றே ஒதுக்கப்பட்ட அலுவலர். உங்கள் பள்ளியின் பெயர் அவருக்குப் பழக்கமாகவே இருக்கும். 25 ஏபி உள்ள பள்ளியில் 10 எடுப்பதும், 11 உள்ள பள்ளியில் 10 எடுப்பதும் ஒன்றல்ல. கவுன்சிலரிடம் அந்த ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். பல பள்ளிகள் தங்கள் தளத்திலேயே போட்டிருக்கின்றன. நேவியன்ஸ் போன்ற மென்பொருள் உங்கள் பள்ளியில் இருந்தால், முந்தைய ஆண்டுகளில் அங்கிருந்து விண்ணப்பித்தவர்களின் ஜிபிஏ, எஸ்ஏடி, முடிவு ஆகியவை புள்ளிகளாகத் தெரியும். எந்தப் பொதுத் தளத்தையும்விட அது பயனுள்ளது. ஒரே எச்சரிக்கை: அந்தப் பச்சைப் புள்ளிகளில் யார் விளையாட்டு வீரர், யாருடைய தந்தை அங்கே படித்தவர் என்று அது சொல்லாது.

இந்த எச்சரிக்கை சின்ன விஷயமில்லை. அதே ஹார்வர்டு வழக்கில் தெரியவந்தபடி, விளையாட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர் போன்றோரின் பிள்ளைகளுக்காக டீன் வைத்திருக்கும் தனிப்பட்டியலில் இருப்பவர்கள், பேராசிரியர்கள் மற்றும் ஊழியர்களின் பிள்ளைகள் ஆகிய நான்கு வகையினரும் சேர்ந்து விண்ணப்பித்தவர்களில் 5 சதவீதம்கூட இல்லை. இடம் பெற்றவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம். 2024இல் சேர்ந்த வகுப்புக்கு ஹார்வர்டில் 54,008 பேர் விண்ணப்பித்து 1,937 பேருக்கு இடம் கிடைத்தது, சுமார் 3.6 சதவீதம். பழைய பங்கு இன்றும் அப்படியே இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், இந்த நான்கிலும் சேராத பிள்ளைக்கு அது 2.6ஐ ஒட்டி இறங்கிவிடும். எம்ஐடி முன்னாள் மாணவர் பிள்ளை என்பதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஆகவே அதன் 4.5 ஓரளவு நேரடியான எண்.

கார்னகி மெலனைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதன் மொத்த விகிதத்தைப் பார்த்து இது மற்ற நான்கைவிட எளிது என்று நினைத்திருப்பீர்கள். அங்கே பல்கலைக்கழகத்துக்கு அல்ல, குறிப்பிட்ட பள்ளிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கணினி அறிவியல் பள்ளியின் விகிதம் மொத்த விகிதத்தைவிட வெகுவாகக் கீழே. இலினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா சாம்பெய்ன் வளாகத்திலும் இதே கதைதான்: பல்கலைக்கழகம் தாராளமானது, கணினி அறிவியல் மட்டும் ஒற்றை இலக்கம். வேறு பாடத்தில் சேர்ந்துகொண்டு பிறகு மாறலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அப்படி மாறுவது இந்த இடங்களில் மிகவும் கடினம். எம்ஐடியிலும் ஸ்டான்ஃபோர்டிலும் பாடவாரியாக இடம் பிரிப்பதில்லை, அதனால் அங்கே இந்தக் கவலை வேண்டாம்.

இனி இரண்டாவது கேள்வி. ஹார்வர்டு தன் விண்ணப்பதாரர்களுக்குப் படிப்பு, பாடத்துக்கு வெளியேயான ஈடுபாடு, விளையாட்டு, ஆளுமை ஆகிய நான்கிலும் 1 முதல் 6 வரை மதிப்பிடும் வழக்கம் அந்த வழக்கில் விரிவாக வெளிவந்தது. 1 தான் உயர்ந்தது. படிப்பில் 1 வாங்குவது மிக அரிது; சொந்தமாக ஆராய்ச்சி செய்து துறைசார்ந்தவர்களின் பாராட்டைப் பெற்றவர்களுக்கு, சர்வதேச ஒலிம்பியாட் அளவில் நிற்பவர்களுக்கு அது கிடைக்கும். உங்கள் மகளைப் போன்ற நன்றாகப் படிக்கும் பெருங்கூட்டம் 2இல் இருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் முடிவை நகர்த்துவது மீதிக் கட்டங்கள்தான்.

உங்கள் மடலில் ஈடுபாடுகளை முக்கியத்துவ வரிசையில் அடுக்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அரங்கேற்றம் முதலில், பிறகு கோடை வகுப்பு, ரோபாட்டிக்ஸ், நூலகம். கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு ல, ள, ழ வேறுபாட்டைக் காதால் கேட்டுப் பழக மகள் ஒரு செயலி எழுதினாள், மூன்று வகுப்புகள் அதைப் பயன்படுத்துகின்றன, பிள்ளைகள் எங்கே தவறுகிறார்கள் என்று பார்த்து அவளே பயிற்சிகளின் வரிசையை மாற்றினாள். உங்கள் மடல் முழுவதிலும் நான் நின்று இரண்டாம் முறை படித்தது அந்த ஒரு வரியைத்தான். அதில் ஒரு தேவையைத் தானே கண்டுபிடித்தது இருக்கிறது, செய்து முடித்தது இருக்கிறது, பயன்படுத்துகிறவர்களைப் பார்த்துத் திருத்தியது இருக்கிறது. கணினி அறிவியல் படிக்க வேண்டும் என்று சொல்லும் பெண்ணிடம் ஒரு கல்லூரி பார்க்க விரும்புவது இதைத்தான்.

பணம் கட்டிச் சேர்ந்த கோடை வகுப்பு அவளுக்குப் பிடித்திருந்தால் நல்லது. விண்ணப்பத்தில் அதற்குப் பெரிய எடை கிடையாது. எம்ஐடி வளாகத்தில் நடக்கும் கோடைகால ஆராய்ச்சித் திட்டமான ஆர்எஸ்ஐ போல, கட்டணமில்லாமல் கடும் தேர்வில் எடுக்கும் திட்டங்கள் வேறு ரகம். அரங்கேற்றத்துக்குப் பின்னால் எத்தனை ஆண்டு உழைப்பு இருக்கிறது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும், அதைப் பட்டியலில் கட்டாயம் சேருங்கள். ஆனால் நியூ ஜெர்சியைப் பார்க்கும் அலுவலர் அரங்கேற்றம் பற்றிய கட்டுரைகளை ஏராளமாகப் படித்திருப்பார். அவளுக்கு நடனத்தைப் பற்றிச் சொல்ல உண்மையிலேயே சொந்தமாக ஏதாவது இருந்தால் எழுதட்டும், பெற்றோர் பெருமைக்காக வேண்டாம்.

பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பப் படிவமான காமன் ஆப்பில் 10 ஈடுபாடுகளுக்கு இடமுண்டு. ஒவ்வொன்றின் விளக்கத்துக்கும் 150 எழுத்துகள்தான். எம்ஐடி தன் சொந்தப் படிவத்தைப் பயன்படுத்துகிறது, அதில் நான்கே ஈடுபாடுகள். இந்தக் குறுகலான இடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் "ரோபாட்டிக்ஸ் குழு உறுப்பினர், தலைமைப்பண்பும் குழுப்பணியும் கற்றேன்" என்று எழுதுகிறார்கள். அவள் அந்தக் குழுவில் என்ன செய்தாள்? ரோபோ தானாக நகரும் பகுதிக்கான நிரலை எழுதுவது அவள்தான் என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் "தானியங்கிப் பகுதியின் நிரல் என்னுடையது, சென்சார் பழுதானபோது சக்கரச் சுழற்சியை வைத்து மாற்றி எழுதினேன், புதியவர்களுக்குச் சொல்லித் தருகிறேன்" என்கிற பாணியில், நடந்தது எதுவோ அதை மட்டும் எழுதட்டும். முதல் வரியை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். இரண்டாவதை அந்த வேலையைச் செய்தவரால்தான் எழுத முடியும்.

ஆசியப் பிள்ளை என்பதால் குறைத்து மதிப்பிடுவார்களா என்று நீங்கள் கேட்கவில்லை. பலர் கேட்பதால் சொல்கிறேன். 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே எம்ஐடியில் ஆசிய அமெரிக்கர் பங்கு 40 சதவீதத்திலிருந்து 47 ஆனது. ஹார்வர்டில் 37 சதவீதமாக அப்படியே நின்றது. யேலில் 30இலிருந்து 24 ஆகக் குறைந்தது. ஒரே தீர்ப்பு, மூன்று விதமான விளைவு. இதை வைத்து ஒரு பெண்ணின் வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. தமிழ்ப் பள்ளியை மறைத்து எழுதச் சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அது தவறான யோசனை மட்டுமல்ல, பிள்ளையிடம் சொல்லக்கூடாத ஒன்றும்கூட.

வருமானம் பற்றி ஓர் உண்மை கசக்கும். பொருளாதார ஆய்வாளர்கள் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே எஸ்ஏடி மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளில், வருமானத்தில் உச்ச 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளைக்கு இத்தகைய கல்லூரிகளில் இடம் கிடைக்கும் வாய்ப்பு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட இரு மடங்குக்கு மேல். இருவர் சம்பளத்தில் வசதியாக வாழ்ந்தாலும் பல்கலைக்கழகத்துக்குக் கட்டடம் கட்டித் தரும் நிலையில் நீங்கள் இல்லை. முடிவு சாதகமாக வராவிட்டால் மகள் அதைத் தன் தகுதிக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

"ஒன்றில் 5 சதவீதம் என்றால் இருபது கல்லூரிக்குப் போட்டால் எங்காவது கிடைத்துவிடுமே" என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. காகிதத்தில் கணக்கு சரிதான். ஒவ்வொன்றிலும் 5 சதவீதம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்றால், பத்து கல்லூரியில் ஒன்றாவது கிடைக்க 40 சதவீதம், இருபதில் 64 சதவீதம். இது தாயக்கட்டைக்குப் பொருந்தும்; ஒவ்வொரு உருட்டலும் புதிது. விண்ணப்பங்கள் அப்படியில்லை. அதே மதிப்பெண் பட்டியல், அதே இரு ஆசிரியர்கள், அதே முதன்மைக் கட்டுரைதான் இருபது இடத்துக்கும் போகின்றன. ஒரு கோப்பு ஓரிடத்தில் மனதில் நிற்காமல் போனதற்கான காரணம் பெரும்பாலும் அடுத்த இடத்திலும் இருக்கும். அதனால்தான் ஒரு பிள்ளைக்கு ஐந்து இடத்தில் கிடைக்கிறது, ஏறத்தாழ அதே எண்களோடு இருக்கும் இன்னொரு பிள்ளைக்கு ஒன்றுகூட இல்லை. தவிர, எண்ணிக்கை ஏற ஏறத் துணைக் கட்டுரைகள் மெலிந்துபோகும். பதினைந்தாவது "ஏன் எங்கள் கல்லூரி" கட்டுரையில் கல்லூரிப் பெயரைத் தவிர ஒன்றும் மிஞ்சியிருக்காது.

உங்கள் பட்டியலில் எனக்குக் கவலை தருவது மேலே இருக்கும் ஐந்து அல்ல. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை என்பதுதான். உங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸின் நியூ பிரன்ஸ்விக் வளாகம் விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இடம் தருகிறது, அவளுக்கு அது ஏறத்தாழ உறுதி, கூடவே மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணமும் உண்டு. அதை அவமானமாக நினைக்கும் பேச்சு வீட்டில் இருந்தால் இப்போதே நிறுத்திவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் ரென்சிலேர், ராச்செஸ்டர், கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் போன்றவற்றில் மூன்று நான்கை அவள் நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் வெளியிடும் 'காமன் டேட்டா செட்' ஆவணத்தில் சி7 என்ற பகுதியைப் பாருங்கள். கட்டுரை, பரிந்துரை, நேர்காணல், மாணவர் காட்டும் ஆர்வம் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று அவர்களே குறித்திருப்பார்கள்.

சேர்ந்த கல்லூரி எதிர்காலத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்கும் ஓரளவு பதில் இருக்கிறது. ஆய்வாளர்கள் ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002இல் காட்டியது, ஒரே மாதிரியான கல்லூரிகளில் இடம் பெற்ற மாணவர்களில் தேர்வு கடுமை குறைந்த கல்லூரிக்குப் போனவர்களும் பின்னாளில் சராசரியாக ஏறத்தாழ அதே சம்பளம் வாங்கினார்கள் என்பது. மேலே சொன்ன 2023 ஆய்வும் சராசரி வருமானத்தில் பெரிய வேறுபாடு காணவில்லை. ஆனால் வருமானத்தின் உச்ச 1 சதவீதத்தை எட்டும் வாய்ப்பு கூடுவதைக் கண்டது. ஆகவே ஆசைப்படுவதில் தவறில்லை. முயற்சி செய்யட்டும்.

முன்கூட்டியே விண்ணப்பிப்பதில் ஒரு சிக்கலைக் கவனியுங்கள். நவம்பர் தொடக்கத்தில் பிரின்ஸ்டனுக்குப் போட்டால் அதே நேரத்தில் வேறு தனியார் கல்லூரி எதற்கும் முன்கூட்டியே போடக்கூடாது. ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு விதியும் இதைப் போன்றதே. ரட்கர்ஸ் போன்ற அரசுக் கல்லூரிக்குத் தடையில்லை. எம்ஐடியின் முன்கூட்டிய விண்ணப்ப முறையான எர்லி ஆக்‌ஷனில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. செயலி, ரோபோ நிரல் இரண்டையும் பார்க்கும்போது என் விருப்பம் எம்ஐடி முன்கூட்டியே, கூடவே ரட்கர்ஸ், மற்றவை ஜனவரியில். கார்னகி மெலனின் எர்லி டிசிஷன் கட்டுப்படுத்துவது. கிடைத்தால் போய்த்தான் ஆக வேண்டும். கட்டணத்தை அறியாமல் அதில் கையெழுத்திடாதீர்கள். இணையத்தில் நம்பத்தகுந்த கணிப்பான் ஒன்று உண்டென்றால் அது உதவித்தொகை போக நீங்கள் கட்ட வேண்டியதைக் கணக்கிட ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் இருக்கும் 'நெட் பிரைஸ் கால்குலேட்டர்'. 2011 முதல் கூட்டரசு விதிப்படி கட்டாயம். இன்றிரவே ஐந்திலும் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள்.

சதவீதம் சொல்லியே ஆக வேண்டும் என்றால், என் கணிப்பு இது. இப்போது நீங்கள் எழுதியிருக்கும் வடிவில் விண்ணப்பம் போனால் ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, பிரின்ஸ்டன் மூன்றிலும் அவர்கள் வெளியிடும் விகிதத்துக்குச் சற்றுக் கீழே. எம்ஐடியில் அந்த 4.5ஐ ஒட்டி, கார்னகி மெலன் கணினி அறிவியலில் ஒற்றை இலக்கம். செயலி பற்றிய அந்தக் கடைசி வரி முதலிடத்துக்கு வந்து, அவள் குரலிலேயே எழுதப்பட்டால் ஐந்திலும் நிலைமை மேம்படும். 18 ஆகாது.

இந்த மாதத்தில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எம்ஐடி ஒரு கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியரிடமிருந்தும், ஒரு மொழி அல்லது சமூக அறிவியல் ஆசிரியரிடமிருந்தும் கடிதம் கேட்கும். பள்ளி மூடுவதற்குள் அவளே போய்க் கேட்கட்டும், நீங்கள் மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம். அதிக மதிப்பெண் போட்ட ஆசிரியரைவிட, அவள் வகுப்பில் கேள்வி கேட்டதும் தடுமாறி எழுந்ததும் நினைவில் இருக்கும் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கேட்கும்போது செயலியைத் திறந்து காட்டட்டும். அவள் அதைச் செய்தாள் என்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.